பிறந்த வீடு எது? பன்னீர் மணக்கும் பனித் தேநீரின் கதை

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது எம்மவர் முதுமொழி. ஆயின், ஆராயலாகாது என்று விலக்கப்பட்டதையே ஆராயத் துடிப்பது மனித இயல்பு. நதியையும் ரிஷியையும் விட்டுவிட்டாலும், உண்ணும் உணவினதும் பருகும் பானத்தினதும் மூலத்தைத் தேடாமல் எந்த நாட்டாராலும் இருக்க முடிவதில்லை. இடியப்பத்தை முதலிற் பிழிந்தவர் யார், வட்டிலப்பம் எங்கிருந்து வந்தது என்று எமது இல்லங்களிலே விருந்துக்குப் பின் எழும் வழக்குகளை யாரறியார்? அத்தகைய வழக்கொன்று ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், ஒரு குவளைத் தேநீரைச் சுற்றி நடந்து வருகின்றது. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இவ்வழக்கை ஆராயப் புகுந்தால், பல நாடுகளின் வரலாறு அக்குவளைக்குள்ளே கரைந்து கிடப்பதைக் காணலாம்.

செந்தடி நகரின் பானம்

லூயிசியானா மாநிலத்தின் தலைநகரம் பேட்டன் ரூஜ். மிசிசிப்பி மாநதியின் கிழக்குக் கரையில் அமைந்த நகரம் அது. பிரெஞ்சு மொழியிலே அப்பெயருக்குச் 'செந்தடி' என்று பொருள். 1699 ஆம் ஆண்டில் ஆற்றுவழியே வந்த பிரெஞ்சுக்காரர், அப்பகுதிப் பழங்குடிகள் இருசாராரின் வேட்டை நிலங்களைப் பிரித்து நின்ற செந்நிறக் கம்பம் ஒன்றைக் கண்டு, அவ்விடத்திற்கு அப்பெயரை இட்டனர் என்பர். எல்லையைக் காட்டிய தடி ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்நகரிலே, இன்று எல்லைகள் பலவற்றைக் கடந்து வந்த பானம் ஒன்று பெயர்பெற்று விளங்குகின்றது.

அங்குள்ள லெபனானிய உணவகம் ஒன்றினுட் புகுந்து அமர்ந்தால், உயரமான கண்ணாடிக் குவளையிற் பனிக்கட்டிகள் நிறைந்த தேநீர் வரும். நிறத்தைப் பார்த்தால் எமது வெறுந்தேநீரே. வாயருகே கொண்டு சென்றாலோ மணவறையிலே பன்னீர் தெளித்தாற்போல நறுமணம் வீசும். இனிப்புச் சற்று மிகுதி. மேலே சின்னஞ்சிறு வெண்பருப்புகள் சில மிதந்து கொண்டிருக்கும். அவை பைன் மரத்தின் கூம்புகளிலிருந்து எடுக்கப்படும் விதைகள். தேநீரைப் பருகி முடித்தபின், ஊறிய அப்பருப்புகளைக் கரண்டியால் எடுத்துச் சுவைப்பர். 'லெபனானியத் தேநீர்' என்பது அதன் பெயர்.

பெயர் லெபனானுடையதாயினும், லெபனானின் தலைநகராகிய பெய்ரூத்துக்குச் சென்று இதனைக் கேட்பவருக்கு ஏமாற்றமே காத்திருக்கும். அந்நாட்டார் தேநீரைச் சிறு கண்ணாடிக் கிண்ணங்களிற் சுடச்சுடப் பருகுவர். சர்க்கரையும், சிலவேளைகளிற் புதினாவோ மணமுள்ள வேறு இலையோ சேர்ப்பர். பைன் பருப்பு மிதக்கும் பனித் தேநீர் அங்கே பரம்பரை வழக்கன்று. அப்படியாயின் இப்பானம் எவ்வாறு லெபனானுக்குரியதாயிற்று? வழக்கு இங்கேதான் தொடங்குகின்றது.

மூன்று கட்சிகள்

இவ்வழக்கிலே மூன்று கட்சிகளைக் காணலாம். 'இது லெபனானின் பழம்பெரும் பானம் ஒன்றின் மறுவடிவம். ஆகவே லெபனானுக்கே உரியது' என்பது முதற் கட்சி. 'பனிக்கட்டியிட்ட இனிப்புத் தேநீர் அமெரிக்கத் தென்பகுதியின் அன்றாடப் பானம். அதிலே சிறிது பன்னீரைத் தெளித்துவிட்டதனால் அது வேற்று நாட்டுப் பானமாகிவிடாது' என்பது இரண்டாவது கட்சி. மூன்றாவது கட்சியார் நாடுகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 'நகரின் எந்த உணவகம் இதனை முதலில் வழங்கியது?' என்பதே அவர்களின் கேள்வி. அவரவர் தமக்கு வழக்கமான உணவகத்திற்கே அப்பெருமையைச் சூட்ட விரும்புவது இயல்புதானே.

தீர்ப்பளிக்குமுன் சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

ஜல்லாப் என்னும் மூத்த உடன்பிறப்பு

முதற் கட்சியின் முதன்மைச் சாட்சி 'ஜல்லாப்' என்னும் பானமாகும். லெபனான், சிரியா முதலிய நாடுகளில், சிறப்பாக நோன்பு மாதத்தில், இது விரும்பிப் பருகப்படுகின்றது. திராட்சைப் பழத்தையோ பேரீச்சம் பழத்தையோ காய்ச்சி எடுத்த கரும்பாகில் பன்னீரைச் சேர்ப்பர். பாகிற்குச் சாம்பிராணிப் புகை ஊட்டி மணம் ஏற்றுவதும் உண்டு. பின்னர் நீர் விட்டு, நொருக்கிய பனிக்கட்டியின்மேல் ஊற்றி, பைன் பருப்பையும் உலர்ந்த திராட்சையையும் மேலே தூவிக் கொடுப்பர். கருமை கலந்த செந்நிறம், பன்னீர் மணம், மிதக்கும் பருப்பு ஆகிய மூன்றும் பேட்டன் ரூஜ் தேநீரிலும் அப்படியே அமைந்துள்ளன. பாகு இருந்த இடத்திலே தேநீர் அமர்ந்திருக்கின்றது, வேறுபாடு அவ்வளவே. முதற் கட்சியாரின் சாட்சி வலிமையுடையது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜல்லாப் என்ற பெயரின் வரலாறும் சுவையானது. பாரசீக மொழியிலே 'குல்' என்றால் ரோசா. 'ஆப்' என்றால் நீர். குலாப் என்பது பன்னீர். குலாப் ஜாமுன் உண்டவர்கள் அச்சொல்லையும் சேர்த்தே உண்டவர்களாவர். அப்பாரசீகச் சொல் அரபு மொழியில் 'ஜுலாப்' எனத் திரிந்தது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்து, ஆங்கிலத்தில் 'ஜூலெப்' ஆயிற்று. அமெரிக்கத் தென்பகுதியின் புகழ்பெற்ற பானங்களுள் ஒன்று, புதினாவும் சர்க்கரையும் மதுவும் பனிக்கட்டியும் கலந்த 'மின்ற் ஜூலெப்' என்பதாம். அதிலே பன்னீர் ஒரு துளியும் இல்லை. பெயரில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. ஆகவே, லெபனானியர் தமது ஜல்லாப்பின் நினைவோடு தென்பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, அதன் பெயர்வழி உறவினன் ஒருவன் அங்கே முன்னரே குடியேறியிருந்தான்!

பனித் தேநீரைக் கண்டவர் யார்?

இனி இரண்டாவது கட்சியின் சாட்சிகளை அழைப்போம். பனித் தேநீர் அமெரிக்காவிற்கு உரியது என்கின்றார்களே, அங்கே அதனை முதலிற் கண்டவர் யார்? இதிலும் ஒரு சர்ச்சை உண்டு. அச்சர்ச்சையிலே எமது நாட்டின் பெயரும் அடிபடுகின்றது.

பலரும் நம்பும் கதை இது: 1904 ஆம் ஆண்டிலே மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. இந்தியத் தேயிலையின் பெருமையைப் பரப்புவதற்காக றிச்சர்ட் பிளெச்சிண்டன் என்னும் ஆங்கிலேயர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார். கோடை வெயிலோ கொளுத்தியது. ஆவி பறக்கும் தேநீரை இலவசமாகக் கொடுத்தும் வாங்குவார் இல்லை. அவர் மனம் சோர்ந்தாரல்லர். தேநீரைப் பனிக்கட்டியினாற் குளிரச் செய்து வழங்கினார். மக்கள் அவரது கொட்டகையை மொய்த்தனர். பனித் தேநீர் பிறந்தது.

அழகான கதைதான். ஆயின், ஆவணங்கள் இக்கதைக்கு இடங்கொடுக்க மறுக்கின்றன. 1879 ஆம் ஆண்டில், மரியன் கபெல் டைரி என்னும் அம்மையார் தொகுத்து வெளியிட்ட வேர்ஜீனியா மாநிலச் சமையல் நூலிலே பனித் தேநீருக்குரிய பக்குவம் காணப்படுகின்றது. அந்நாளில் அதற்குப் பச்சைத் தேயிலையே பயன்பட்டது. 1890 ஆம் ஆண்டில், மிசூரி மாநிலத்து நெவாடா என்னும் ஊரில், உள்நாட்டுப் போரிலே தென்புறம் நின்று போரிட்ட முன்னாட் படைவீரர்கள் ஒன்றுகூடினர்; அங்கே 880 கலன் பனித் தேநீர் பருகப்பட்டதாக அக்காலப் பத்திரிகைச் செய்தி கூறுகின்றது. சென் லூயிஸ் கண்காட்சிக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே கலன் கணக்கிற் குடிக்கப்பட்ட ஒன்றை, 1904 ஆம் ஆண்டிலே புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்? பிளெச்சிண்டன் இப்பானத்தைப் பெற்றவர் அல்லர். ஊரறியச் செய்தவர்களுள் ஒருவர். பிள்ளையைப் பெற்றவளை மறந்துவிட்டு, பெயர்சூட்டு விழாவுக்குப் பந்தலிட்டவரை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

எமது நாட்டின் பங்கு இங்கேதான் வருகின்றது. 1893 ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இலங்கை தனக்கென ஒரு மண்டபம் அமைத்துத் தேயிலை விற்றது. அங்கே பத்து இலட்சம் பொட்டலங்கள் விலைபோயின என்பது எமது தேயிலை வரலாற்றிலே பெருமையுடன் கூறப்படும் செய்தி. சீனத்தினதும் யப்பானினதும் பச்சைத் தேயிலைக்குப் பழகியிருந்த அமெரிக்கர் இந்திய, இலங்கைக் கருந்தேயிலைகளின் பக்கம் திரும்பத் தொடங்கிய காலம் அது. பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டு, கீழைநாடுகளிலிருந்து பச்சைத் தேயிலை வருவது தடைப்பட்டபோது, அம்மாற்றம் நிறைவு பெற்றது. இன்று அமெரிக்கர் பருகும் தேநீரில் நான்கில் மூன்று பங்கு பனிக்கட்டியிட்டுக் குளிர்ந்த தேநீராகும். அதிலும் பெரும்பகுதி கருந்தேயிலையால் ஆனது.

எனினும், இன்றைய பேட்டன் ரூஜ் குவளையில் இருப்பது மலையகத்துக் கொழுந்துதான் என்று நாம் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. அளவிலே அமெரிக்காவிற்கு மிகுதியான தேயிலையை அனுப்பும் நாடு இப்பொழுது தென்னமெரிக்காவிலுள்ள ஆர்ஜென்டீனா. இதற்கு மலிவு மட்டும் காரணமன்று. சாயம் மிகுந்த நல்ல தேநீர் குளிரும்போது, அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கஃபீனோடு சேர்ந்து திரண்டு, நீரைக் கலங்கச் செய்யும். ஆர்ஜென்டீனத் தேயிலை அவ்வளவு கலங்குவதில்லை. கண்ணாடிக் குவளையில் தெளிந்து நிற்கும். மாணவர்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். கடுஞ்சாய வெறுந்தேநீரைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்துக் காலையிற் பாருங்கள், கலங்கியிருக்கும். சிறிது கொதிநீர் விட்டாற் கலக்கம் நீங்கித் தெளியும்.

குவளைக்குள் வந்து சேர்ந்தவர்கள்

தேயிலையின் ஊரே இவ்வாறு மாறிக்கொண்டிருக்குமாயின், மற்றைப் பொருள்களின் ஊர் எவை?

பன்னீரை எடுத்துக்கொள்வோம். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலே குசர்னாபா என்னும் சிற்றூர் ரோசாப் பயிருக்குப் பெயர்போனது. இளவேனிற் காலத்தில், வெயில் ஏறுமுன் மலர்களைக் கொய்து, செப்புப் பாத்திரத்தில் நீருடன் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரச் செய்து பன்னீர் வடிப்பர். இவ்வாறு வடிக்கும் கலையைக் கண்டவர் மருத்துவ மேதை இபுனு சீனா என்று பலர் கூறுவர். அவர் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டினரான அல்-கிந்தி என்னும் அறிஞர் நறுமணப் பொருள்களை வடிக்கும் முறைகளைத் தமது நூலில் எழுதி வைத்துள்ளார். இங்கும் புகழ் ஒருவருக்கும் முன்னுரிமை வேறொருவருக்குமாகப் பிரிந்து கிடக்கின்றது.

பைன் பருப்போ பொறுமையின் விளைவு. குடைபோலத் தலைவிரித்து நிற்கும் ஒருவகைப் பைன் மரத்திலே, கூம்பு ஒன்று முற்றுவதற்கு மூன்று ஆண்டுகள் செல்லும். உயர்ந்த மரங்களில் ஏறிக் கூம்புகளைத் தட்டி வீழ்த்தி, வெயிலிற் காயவைத்து, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்தல் வேண்டும். தென் லெபனானின் ஜெசீன் பகுதியில் இம்மரக் காடுகள் உள்ளன. அண்மைக் காலத்திலே, கூம்பினுள் விதையைச் சப்பையாக்கும் பூச்சி ஒன்று அக்காடுகளைத் தாக்கி விளைச்சலைக் குறைத்துவிட்டது. அப்பூச்சியின் தாயகம் எது தெரியுமா? வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. லெபனான் பருப்பை அமெரிக்காவிற்கு அனுப்பிற்று. அமெரிக்கா பூச்சியை லெபனானுக்கு அனுப்பிவிட்டது!

சர்க்கரை லூயிசியானாவின் சொந்தப் பயிர். 1795 ஆம் ஆண்டில் எத்தியென் டி போரே என்பவர் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு அருகிலே தமது தோட்டத்தில் வாணிக அளவில் சர்க்கரையைப் படிகமாக்கினார். அதன்பின் மிசிசிப்பிக் கரையெங்கும் கரும்புத் தோட்டங்கள் பெருகின. வரலாறு டி போரேயின் பெயரைக் குறித்து வைத்தது. அக்கரும்பை நட்டவர்களும் வெட்டியவர்களும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியினருமாவர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் தோட்டக் கணக்கேடுகளுக்கு வெளியே எங்கும் இல்லை.

பனிக்கட்டியும் தன் கதையைச் சொல்லும். லெபனான் என்னும் பெயரே 'வெண்மை' எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்ததென்பர். பனி மூடிய மலைமுடிகளே அதற்குக் காரணம். இயந்திரங்கள் தோன்றுமுன் அம்மலைகளின் உறைபனியை வெட்டிக் கட்டி, கோடையிலே கீழ்நகரங்களுக்குக் கொண்டுசென்று விற்றனர். அங்கு சர்பத்துகள் குளிர்ந்தது அவ்வாறே. லூயிசியானாவிலோ மலையும் இல்லை, பனியும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொஸ்டன் நகர வணிகர் பிரெட்ரிக் டியூடர், வடபுல ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றித் தென்பகுதித் துறைமுகங்களுக்கு அனுப்பினார். 1833 ஆம் ஆண்டில் அவரது பனிக்கட்டி கல்கத்தாவரை சென்றது. பனிக்கட்டி செய்யும் இயந்திரத்திற்கு மருத்துவர் ஜோன் கோரி உரிமைப் பத்திரம் பெற்றது 1851 ஆம் ஆண்டிலாகும்.

ஆகவே, இக்குவளையிலே கீழைநாட்டுக் கொடையாகிய தேயிலை உண்டு. மேலை ஆசியாவின் பன்னீரும் பருப்பும் உண்டு. அடிமைகளின் வியர்வையில் வேரூன்றிய கரும்பின் இனிப்பும் உண்டு. லூயிசியானாவிற்கு இது புதிதன்று. அம்மாநிலத்தின் பெயர்பெற்ற 'கம்போ' என்னும் குழம்பின் பெயரே, வெண்டிக்காயைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

'நீ எந்த ஊர்?'

பொருள்களைக் கூட்டி ஒரு குவளையில் இட்ட கைகள் யாருடையவை? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உதுமானியப் பேரரசின் கீழிருந்த லெபனான் மலைப்பகுதியிலிருந்து பெருந்தொகையினர் கடல் கடந்தனர். அங்கே பட்டுத் தொழில் நலிந்திருந்தது, நிலமோ சிறிது, குடும்பங்களோ பெரியன. வந்தவர்களிற் பலர் ஊசி, நூல், துணிமணி முதலியவற்றை மூட்டையாகக் கட்டித் தோளிற் சுமந்து, அமெரிக்கக் கிராமங்கள்தோறும் வீடு வீடாகச் சென்று விற்றனர். பின்னர் சிறு கடைகள் வைத்தனர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். உலகப் புகழ்பெற்ற இருதய சத்திரசிகிச்சை நிபுணர் மைக்கல் டிபேக்கி, 1908 ஆம் ஆண்டில் லூயிசியானாவின் லேக் சார்ள்ஸ் நகரில், இவ்வாறு வந்த லெபனானியக் குடும்பமொன்றிற் பிறந்தவரே. 1975 ஆம் ஆண்டிலிருந்து 1990 வரை லெபனானை உலுக்கிய உள்நாட்டுப் போர் மற்றுமோர் அலையை வெளியே தள்ளியது. இன்று பேட்டன் ரூஜின் லெபனானிய உணவகங்களை நடத்தும் குடும்பங்கள் இந்நெடிய இடப்பெயர்வின் வழித்தோன்றல்கள்.

முதலில் வந்தவர்களுக்கு 'லெபனானியர்' என்ற பெயர்கூட அந்நாட்டு ஏடுகளிற் கிடைக்கவில்லை. சிலவிடத்துத் 'துருக்கியர்' என்றும், சிலவிடத்துச் 'சிரியர்' என்றும் பதியப்பட்டனர். குடியுரிமை கேட்டபோதோ, 'நீ எந்த ஊர்? எந்த இனம்?' என்ற கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. அந்நாளைய சட்டத்தின்படி வெள்ளையரும் ஆபிரிக்க வழியினருமே குடியுரிமை பெறலாம். ஜோர்ஜ் டவ் என்னும் சிரியர் ஆசியாவிற் பிறந்தவர் என்ற காரணத்தால் 1914 ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டார். 1915 ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிய பின்னரே அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் வழி திறந்தது.

இதனைப் படிக்கும்போது எமது மலைநாட்டை நினையாதிருக்க முடியவில்லை. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று ஒவ்வொரு பாடநூலும் கூறும். காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை எந்நூலும் கூறுவதில்லை. 'இலங்கைத் தேயிலை' என்ற பெயர் உலகெங்கும் புகழ் பரப்பிக்கொண்டிருந்த வேளையிலேயே, அத்தேயிலையை வளர்த்தவர்களுட் பெரும்பாலோர் இலங்கையர் அல்லர் என்று 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விலக்கியது. அவர்களுட் கடைசியாக எஞ்சியிருந்தோருக்கும் வழிசெய்யும் சட்டம் வருவதற்கு 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலைக்குக் கிடைத்த ஊர்ப்பெயர், இலை பறித்தவளுக்குக் கிடைக்க அரைநூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

'நீ எந்த ஊர்?' என்ற கேள்வியைத் தேநீரிடம் கேட்டால் அது பொழுதுபோக்கு. மனிதரிடம் கேட்டு, விடையைக் கொண்டு அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் அது அநீதி. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணந்தான்: ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிறப்பிடமும், ஒரே ஒரு சொந்தக்காரரும் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம். லெபனானியர் தமது உணவின் உரிமையை எளிதில் விட்டுக்கொடுப்பவர்களும் அல்லர். கொண்டைக் கடலை விழுதாகிய ஹுமுஸ் யாருக்கு உரியது என்று இஸ்ரேலோடு எழுந்த போட்டியில், 2010 ஆம் ஆண்டு மே மாதம் அவர்கள் 10,452 கிலோகிராம் ஹுமுஸை ஒரே தட்டிற் செய்து உலக சாதனை நிலைநாட்டினர். அவ்வெண் அவர்களின் நாட்டுப் பரப்பளவைச் சதுர கிலோமீற்றரிற் குறிக்கும் எண். நாட்டையே தட்டில் ஏந்திக் காட்டிய மானமுள்ள மக்கள்! அவர்களின் பெயரைப் பேட்டன் ரூஜ் நகரத்தார் தாமாகவே ஒரு பானத்திற்குச் சூட்டி வழங்குகின்றனர். ஏடுகளிலே பெயர் மறுக்கப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு இது சிறிய பரிசன்று.

தீர்ப்பு

எனவே எமது தீர்ப்பு இது. பன்னீரும் பருப்பும் ஜல்லாப்பின் சீதனம்; அவ்வளவில் முதற் கட்சியார் சொல்வது மெய். பனிக்கட்டியும் சர்க்கரையும் இட்ட தேநீர் தென்பகுதியின் வழக்கம். அவ்வளவில் இரண்டாவது கட்சியார் சொல்வதும் மெய். மூன்றாவது கட்சியாரின் கேள்விக்கு விடை கிடைத்தாலும் அது ஒரு கடையின் பெயராக மட்டுமே இருக்கும். தாயகத்துப் பானத்தின் நினைவு ஒருபுறமும், வந்தேறிய ஊரின் விருந்தினர் விரும்பும் சுவை மறுபுறமுமாக நின்ற குடும்பங்கள், இரண்டையும் ஒரே குவளையில் இட்டன. லெபனான் அப்பானத்தின் பிறந்த வீட்டு உறவு. பேட்டன் ரூஜ் அது வளர்ந்து வாழும் வீடு. எமது பெண்கள் இரு வீட்டின் பெயரையும் காப்பதில்லையா?

இல்லத்திற் செய்து பார்க்க

நான்கு கோப்பை நீரைக் கொதிக்க வைத்து, ஐந்து தேக்கரண்டி தேயிலை இட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்துக்கொள்ளுங்கள். சூடு ஆறுமுன் அரைக் கோப்பை சீனியைச் சேர்த்துக் கரையுங்கள். குளிர்ந்தபின் இட்டால் எளிதிற் கரையாது. நன்றாக ஆறிய பின்னரே இரண்டு தேக்கரண்டி பன்னீர் விடவேண்டும். சூட்டில் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். உணவுக்கென விற்கப்படும் பன்னீரையே வாங்குங்கள். மணவீட்டிற் தெளிக்கும் பன்னீர் பருகுவதற்கு உரியதன்று. பின்னர் பனிக்கட்டி நிறைந்த குவளைகளில் ஊற்றுங்கள்.

பைன் பருப்பு எமது கடைகளிற் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை அதிகம். அதற்குப் பதிலாக, நீரில் ஊறவைத்து மெல்லியதாகச் சீவிய கஜுவை மேலே தூவலாம். அப்பொழுது அது லெபனானியத் தேநீராகுமா, ஆகாதா என்று வீட்டிலே ஒரு வழக்கு எழக்கூடும். எழட்டும், குவளைகள் காலியாகும்வரை நடக்கட்டும்.